இடப்பக்கம்

ஏழு படங்கள்.
ஏழும் இடப்பக்கத்திலிருந்து எடுத்தவை.
அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நெப்ராஸ்காவிலிருந்து நானூற்று எண்பது டாலருக்கு
ஆறு குண்டு ரிவால்வர்.
"வயதுக்கு நல்ல நிலை" என்று எழுதியிருந்தார்
ஆர்லிஸ் ப்ரோக்கா.
என் முழங்காலைப் பற்றி மருத்துவரும்
அதையேதான் சொல்கிறார்.

மார்வா டென்ஹாமின் கடையில்
தீவன மூட்டைகளுக்கும் உப்புக்கட்டிகளுக்கும் நடுவில் நின்று
படிவம் நிரப்பினேன்.
தொலைபேசியின் மறுமுனையில் யாரோ
என் ஆயுள் முழுவதையும் புரட்டிப் பார்த்து
குறையொன்றும் இல்லை என்றார்கள்.
நான்கு நிமிடம் ஆயிற்று.

மொன்டானாவில் மார்ச் என்பது பனி அழுக்காகும் மாதம்.
சமையல் மேசைமேல் பழைய துண்டை விரித்து,
உருளையைத் திறந்து
ஆறு துளையும் வெறுமையா என்று இருமுறை பார்த்துவிட்டு
எண்ணெய்த் துணியால் வலப்பக்கத்தில் ஓர் இழுப்பு.

துணி கருத்தது.
துரு அல்ல. புகைக்கரி அல்ல.
மை.
பெட்டிகளின்மேல் பெயரெழுதும் தடித்த பேனாவின் மை.
அதற்கடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு வெற்றெஃகு,
உறைக்குள் போய் வந்து போய் வந்து
நீலம் தேய்ந்த இடம்.

போகட்டும், உரசினால் எதுவும் தேயும்.
பிடியின் திருகாணியைத் தேடினேன்.
பொருந்தாத முனையால் யாரோ
முன்பே அதன் வாயைக் கிழித்திருந்தார்கள்.
வால்நட் பலகை கழன்று வந்தது.

முழுப் பூசணிக்காய்.
மறைத்த சோறோ
அரை விரல் தடிமன்.

அம்மைத் தழும்பாகக் குழிகள்,
குழிக்குள் செங்கல் பொடி போலத் துரு.
மரத்துக்கும் எஃகுக்கும் இடையே ஈரம்
வாடகை தராமல் வருடக்கணக்கில் குடியிருந்திருக்கிறது.
குழியில்லாத மூலையில்
மின்னூசியால் கீறிய ஒன்பது இலக்கங்கள்.
திருடு போனால் அடையாளம் சொல்ல
ஒரு காலத்தில் அப்படிக் கீறுவார்கள்.
ஏழுக்கு மட்டும் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு.
இந்த ஊர்ப் பள்ளிகளில் கற்றுத்தராத ஏழு.

"சுடுமா?" என்றாள் ஜோலீன், முட்டையைத் திருப்பியபடி.
சுடும்.
"பின்னே அழகுப் போட்டிக்கா வாங்கினாய்?"

திருப்பி அனுப்ப மூன்று நாள் தவணை.
இரண்டாம் நாள் ஆர்லிஸை அழைத்தேன்.
பின்னால் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது.
பிடியை நான் கழற்றியதே இல்லை, என்றார்.
நம்பினேன்.
சரி, மை?
தொலைக்காட்சி நின்றது.
"அது என் மருமகன். படம் எடுத்தவனும் அவன்தான்.
கொஞ்சம் லட்சணமாக இருக்கட்டும் என்று..."
அறுபது டாலர் திருப்பித் தருகிறேன் என்றார்,
இல்லையேல் துப்பாக்கியை அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறேன்.

நான் ஜன்னல் வழியே
பிக்கப் வண்டி நின்றிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அங்கே மட்டும் பனிக்கடியில் எண்ணெய்க் கறை.
அக்டோபரில் விற்றேன்.
சக்கர வளைவில் கை நுழையும் ஓட்டை,
பசை வைத்து அடைத்து,
உரசி, பூசி, மெழுகி,
மழை விட்டதும் படம் எடுத்தேன்.
நனைந்த தகரமெல்லாம் புதுத் தகரம்.
வாங்க வந்த பையன், கோர்மக் என்று பெயர்,
விரல் முட்டியால் தட்டித் தட்டிச் சுற்றி வந்தான்.
"உள்ளே ஏதும் உண்டா?"
எனக்குத் தெரிந்து இல்லை.

அவன் இன்றுவரை அழைக்கவில்லை.

"ஹலோ?" என்றார் ஆர்லிஸ்.
முப்பது போதும் என்றேன்.
ஏன் முப்பது என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

வெண்கலப் பஞ்சால் துருவை எடுத்தேன்,
குழிகள் அப்படியே இருந்தன.
எண்ணைத் தொடவில்லை.
பலகையை வைத்துத் திருகியதும்
ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது,
வலப்பக்கத்து வெள்ளைத் தேய்வைத் தவிர.

அலமாரியில் நீலம் ஏற்றும் திரவம் இருக்கிறது, சின்னப் புட்டியில்.
எடுத்துக் குலுக்கினேன்.
பாதிக்கு மேல் இருந்தது.